வாசக்காலுக்கு மரம் வாங்குமுன்: காட்டைக் கெடுக்காத மரம் என்றால் என்ன?

வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் ஒரு நாள் மரவாடிக்குப் போய் நின்றாக வேண்டும். நானும் நின்றேன். தலைவாசல் நிலைக்கு மரம் பார்க்கப் போன இடத்தில் கடைக்காரர் ஒரு சட்டத்தைத் தட்டிக் காட்டி, "இது பர்மா சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க" என்றார். "பர்மாவுல எங்கேர்ந்து வருதுண்ணே?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என்னையே பார்த்தார். "தூத்துக்குடியிலேர்ந்து" என்றார்.

அவர் பொய் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்த இடம் துறைமுகம் வரைதான். அதற்கு முந்தைய கதையை அவரிடம் யாரும் சொல்லவில்லை, அவரிடம் யாரும் கேட்டதும் இல்லை. கையில் கொடுத்த பில்லில் "தேக்கு சைஸ்" என்று இரண்டே சொற்கள் இருந்தன.

இந்த விஷயத்தைப் பற்றிப் பேச்சு நிறைய நடக்கிறது. "மரத்தை வெட்டுறதே பாவம், பேசாம யூபிவிசி பிளாஸ்டிக் போட்டுடுங்க" என்று ஒரு பக்கம். "தோட்டத்துத் தேக்குதானே, அதெல்லாம் சுற்றுச்சூழலுக்கு நல்லது" என்று இன்னொரு பக்கம். "எங்ககிட்ட சர்ட்டிபிகேட் இருக்கு" என்பது மூன்றாவது. மூன்றிலும் பாதி பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதியைத் தெரிந்துகொள்ள வனத்துறையில் வேலை பார்த்திருக்க வேண்டியதில்லை, மாடு கறப்பதைப் பார்த்திருந்தால் போதும்.

கன்றுக்கு விட்டுக் கறப்பது

பால்மாடு வைத்திருக்கும் வீட்டில் மடியை ஒட்டக் கறக்க மாட்டார்கள். கன்றுக்கு ஒரு காம்பை விட்டுவிட்டுத்தான் கறப்பார்கள். அது வெறும் இரக்கம் இல்லை. கன்று தேறினால்தான் நாளைக்கு இன்னொரு பசு கிடைக்கும். கறப்பதே தப்பு என்று யாரும் சொல்வதில்லை. எவ்வளவு கறக்கிறோம், எவ்வளவு விடுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

காடும் அப்படியே. ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு மரமும் கொஞ்சம் பருக்கிறது. ஒரு காட்டில் உள்ள மரங்கள் எல்லாம் சேர்ந்து ஒரு வருஷத்தில் எவ்வளவு புதிதாகப் பருத்தனவோ, அதற்கு மேல் வெட்டாமல் இருந்தால் காட்டின் மொத்தக் கையிருப்பு குறையாது. இதற்கு நீடித்த மகசூல் என்று பெயர். இந்தக் கட்டுரையில் வரும் மற்ற எல்லாமே இந்த ஒரு கணக்கின் கிளைகள்தான்.

இந்த யோசனை இயற்கைப் பாசத்தில் பிறந்தது என்று நினைத்தால் ஏமாற்றம்தான். 1713இல் இதை எழுதி வைத்த கார்லோவிட்ஸ், ஜெர்மனியின் சாக்சனி பகுதியில் சுரங்க நிர்வாகம் பார்த்தவர். வெள்ளி உருக்கக் கரி வேண்டும், சுரங்கத்துக்கு முட்டுக் கொடுக்க மரம் வேண்டும், சுற்றியிருந்த காடெல்லாம் காலியாகிக்கொண்டிருந்தது. தட்டுப்பாடு வந்த பிறகு பிறந்த புத்தி அது. நம் பக்கத்திலும் கதை அதேதான். மலபாரின் தேக்கைக் கப்பல் கட்ட வெட்டி வெட்டித் தீர்த்த பிறகு, 1840களில் மலபார் கலெக்டர் கோனொலி நிலம்பூரில் தேக்கு நடச் சொன்னார். நட்டு வளர்த்துக் காட்டியவர் சாத்து மேனன். கூடலூரிலிருந்து நாடுகாணி வழியாக மலை இறங்கினால் அந்தத் தோட்டத்தின் மிச்சத்தை இன்றும் பார்க்கலாம்.

முப்பது ஏக்கர் கணக்கு

கணக்கைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒருவரிடம் முப்பது ஏக்கர் இருக்கிறது. அவர் வளர்க்கும் மரம் முப்பது வருஷத்தில் வெட்டுக்கு வரும். முதல் வருஷம் முதல் ஏக்கரில் நடுகிறார், இரண்டாம் வருஷம் இரண்டாவது ஏக்கரில், இப்படியே போகிறது. முப்பதாவது ஏக்கரில் நட்டு முடித்த அடுத்த வருஷம் முதல் ஏக்கர் வெட்டுக்குத் தயார். அதை வெட்டுகிறார், உடனே அங்கே மறுபடி நடுகிறார். இதற்குப் பிறகு எந்த வருஷம் போய்ப் பார்த்தாலும் ஒரு ஏக்கர் கன்றாக இருக்கும், ஒரு ஏக்கர் வெட்டப்படும், மற்றவை இடையில் ஏதோ ஒரு வயதில் நிற்கும். நட்டதிலிருந்து வெட்டுவது வரை உள்ள அந்த முப்பது வருஷத்தைச் சுழற்சிக் காலம் என்கிறார்கள்.

இந்தத் தோட்டத்துக்கு வெளியிலிருந்து வருகிற ஒருவர் வெட்டப்பட்ட ஏக்கரை மட்டும் படம் எடுத்து, "காட்டை அழிக்கிறார்கள்" என்று போடலாம். பச்சையாக நிற்கும் மற்ற ஏக்கர்களைப் படம் எடுத்து, "பாருங்கள், எவ்வளவு பசுமை" என்றும் போடலாம். இரண்டு படத்திலும் சுழற்சி தெரியாது. வெட்டிய இடத்தில் மறு வருஷம் என்ன நிற்கிறது என்பதைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சிக்கல், அந்த முப்பது ஏக்கரும் முன்பு என்னவாக இருந்தது என்பது. மானாவாரிப் புஞ்சையில் தேக்கு வைத்தவர் ஒரு காட்டைக் கூட்டினார். சோலைக் காட்டை அழித்துவிட்டு அங்கே தேக்கு வைத்தவர் ஒரு காட்டைத் தின்றுவிட்டு ஒரு தோட்டத்தைக் கொடுத்தார். அவருடைய சுழற்சிக் கணக்கு எவ்வளவு சுத்தமாக இருந்தாலும், ஒரே வயதில் ஒரே இனமாக வரிசை கட்டி நிற்கும் மரங்கள் பழைய காட்டுக்கு ஈடாகாது. "தோட்டத்து மரம்" என்ற சொல்லைக் கேட்டதும் நிம்மதியடையக் கூடாது என்பது இதனால்தான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: வளர்ச்சிக்கு மேல் வெட்டக் கூடாது, வெட்டிய இடம் மறுபடி மரமாக வேண்டும், அந்த இடம் வேறொரு காட்டைக் கெடுத்து உண்டானதாக இருக்கக் கூடாது.

கண்மாய் வலையும் காட்டு மரமும்

யாரும் நடாத காட்டில் ஏக்கர் பிரித்துக் கணக்குப் போட முடியாது. அங்கே நூறு வயது மரத்துக்குப் பக்கத்தில் பத்து வயது மரம் நிற்கும். அங்கே பயன்படுவது கண்மாய் மீன்பிடியின் புத்தி. பெரிய கண் வலை போட்டால் குஞ்சு தப்பிவிடும், பெரிய மீன் மட்டும் மாட்டும். அடுத்த வருஷமும் கண்மாயில் மீன் இருக்கும். கொசுவலையைப் போட்டு அரித்தால் ஒரே வருஷம்தான்.

காட்டில் வலைக்கண்ணுக்குப் பதிலாகச் சுற்றளவு. இத்தனை அடிக்குக் கீழே சுற்றளவு உள்ள மரத்தைத் தொடக் கூடாது என்று ஓர் எல்லை வைப்பார்கள். ஒரு முறை வெட்டிய பகுதிக்குப் பல வருஷம் கழித்துத்தான் மறுபடி வருவார்கள். பர்மாவின் பெகு தேக்குக் காடுகளில் 1856இல் பொறுப்பேற்ற டீட்ரிச் பிராண்டிஸ் என்ற ஜெர்மானியர் இதை ஒரு முறையாகவே வகுத்தார். பிறகு 1864இல் இந்திய வனத்துறையின் முதல் தலைமை அதிகாரி ஆனார். அந்தப் பர்மா முறையில் ஒரு பகுதிக்குத் திரும்பி வரும் இடைவெளி முப்பது வருஷம். வெட்டப்போகும் தேக்கின் அடியில் முதலில் பட்டையை வளையமாகச் செதுக்கிவிட்டு, நின்ற நிலையிலேயே இரண்டு மூன்று வருஷம் காயவிடுவார்கள். பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது, காய்ந்தால்தான் ஐராவதி ஆற்றில் மிதந்து வரும். செட்டிநாட்டு வீடுகளின் தூண்களில் பல இப்படி ஆற்றோடு வந்து கடலேறியவை.

எல்லை வைத்தால் மட்டும் போதுமா? போதாது. பெரிய மரம் விழும்போது சுற்றியுள்ள நாலு மரத்தை ஒடித்துக்கொண்டு விழும். தடியை இழுக்கப் போட்ட பாதை மழையில் ஓடையாகும். அந்தப் பாதையிலேயே பிறகு திருட்டு வெட்டுக்காரர்களும் வருவார்கள். எப்போதும் நேரான, நல்ல மரத்தையே எடுத்துக்கொண்டிருந்தால், விதை போடக் கோணல் மரங்கள் மட்டும் மிஞ்சும். மந்தையில் நல்ல கிடாயை எல்லாம் விற்றுவிட்டுச் சொங்கிக் கிடாயைப் பொலிக்கு விட்ட மாதிரி. அதனால் ஒழுங்காக நடத்தப்படும் காட்டில் விதைக்கென்று சில நல்ல மரங்களை விட்டுவைப்பார்கள், ஓடைக்கரை மரங்களைத் தொட மாட்டார்கள், எந்த மரத்தை எந்தப் பக்கம் சாய்ப்பது என்றுகூட முன்பே முடிவு செய்வார்கள்.

"தேக்கு" என்ற பெயர் எதையும் சொல்லாது

தேக்கு இயற்கையாக வளரும் நாடுகள் நான்குதான்: இந்தியா, மியான்மர் (பழைய பர்மா), தாய்லாந்து, லாவோஸ். 1988 இறுதியில் தெற்குத் தாய்லாந்தில் வெள்ளமும் மண்சரிவும் வந்து, வெட்டிப் போட்டிருந்த தடிகளே ஊர்கள் மேல் உருண்டு வந்தன. 1989 ஜனவரியில் அந்த நாடு இயற்கைக் காடுகளில் மரம் வெட்டுவதை நிறுத்தியது. நல்ல முடிவுதான். ஆனால் தேக்கு கேட்கிறவர்கள் கேட்பதை நிறுத்தவில்லை. அந்தச் சுமை எல்லைக்கு அப்பால் மியான்மர் காட்டின் மேல் போய் விழுந்தது.

பிராண்டிஸ் வகுத்த முறை காகிதத்தில் இருந்தது, காட்டில் அதைவிட அதிகமாக வெட்டினார்கள். 2014 ஏப்ரல் 1 முதல் மியான்மர் உருட்டுத் தடி ஏற்றுமதியைத் தடை செய்தது. அறுத்த மரம் மட்டும்தான் வெளியே வரலாம். 2021 பிப்ரவரியில் அங்கே ராணுவம் ஆட்சியைப் பிடித்த பிறகு, அந்நாட்டின் அரசு மர நிறுவனத்தின் மேல் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் தடை போட்டன. இந்தியா அப்படித் தடை போடவில்லை. ஆகவே இங்கே பர்மா தேக்கு வாங்குவது குற்றம் இல்லை. ஆனால் அந்த மரத்தின் காசு எங்கே போகிறது, அந்தக் காட்டில் கன்றுக்குக் காம்பு விட்டார்களா என்பதைச் சரிபார்க்கும் வழி வாங்குகிறவர் கையில் இல்லை. என் கருத்தைக் கேட்டால், புதிதாக வெட்டிய பர்மா தேக்கை இன்றைக்கு நான் வாங்க மாட்டேன்.

கடையில் கேட்கிற மற்றத் தேக்குகள் வேறு கதை. கானா, கோஸ்டாரிகா, ஈக்குவடார் தேக்கு என்றால் பெரும்பாலும் உண்மையான தேக்குதான், அங்கே கொண்டுபோய் நட்டது. "ஆப்பிரிக்கத் தேக்கு" என்றால் உஷாராக இருங்கள். அந்தப் பெயரில் இரோக்கோ, அஃப்ரோமோசியா என்ற வேறு மரங்கள் உலகச் சந்தையில் விற்கின்றன. அவை காட்டு மரங்கள். அஃப்ரோமோசியா சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலிலேயே இருக்கிறது. "பிரேசில் தேக்கு" என்று சொல்லப்படுவது குமாரு என்ற அமேசான் மரம். தேக்குக்கும் அதற்கும் தூரத்து உறவுகூட இல்லை.

ஆக, மரத்தின் இனத்தைச் சொன்னால் அதன் வலிமை தெரியும், விலை தெரியும். அது காட்டைக் கெடுத்து வந்ததா என்பது தெரியாது. ஒரே தேக்கு, நிலம்பூரில் வளர்ந்தால் ஒரு மாதிரி, திருட்டு வெட்டில் வந்தால் இன்னொரு மாதிரி.

சட்டப்படி சரி என்றால் சரியா?

கூடலூர்ப் பக்கம் காடு அழிவதைப் பார்த்து, நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். நீலகிரியின் ஒரு மூலையைப் பற்றிய வழக்காகத் தொடங்கியது, 1996 டிசம்பர் 12 அன்று நாடு முழுக்கப் பொருந்தும் உத்தரவானது. அரசு ஒப்புதல் பெற்ற செயல்திட்டம் இல்லாமல் எந்தக் காட்டிலும் மரம் வெட்டக் கூடாது என்றது நீதிமன்றம். செயல்திட்டம் என்பது, ஒரு காட்டில் அடுத்த பத்து வருஷத்துக்கு எங்கே, எவ்வளவு வெட்டலாம், எங்கே தொடவே கூடாது என்று வனத்துறை எழுதி வைக்கும் கணக்கு. முப்பது ஏக்கர்காரர் மனசில் வைத்திருந்ததைக் காகிதத்தில் போட்ட மாதிரி.

இதற்கு முன்பே, 1988 தேசிய வனக் கொள்கை, தொழிற்சாலைகள் காட்டு மரத்தை நம்பாமல் விவசாயிகளிடம் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தது. இந்த இரண்டும் சேர்ந்துதான் இன்றைய நிலைமையை உண்டாக்கின. இந்தியாவில் இன்று அறுவை மில்லுக்கு வரும் மரத்தில் மிகப் பெரும் பகுதி காட்டிலிருந்து வருவதில்லை. வரப்பில், தோப்பில், வாய்க்கால் கரையில் நின்றவை அவை. மீதியில் பெரும் பகுதி கப்பலில் வருகிறது.

பட்டா நிலத்து மரத்துக்கும் சில இனங்களில், சில இடங்களில், வெட்ட அனுமதியும் கொண்டுபோக நடைச்சீட்டும் வேண்டும். தமிழ்நாட்டின் மலைப்பகுதிகளில் 1955ஆம் வருஷச் சட்டம் ஒன்று இன்னும் கெடுபிடியாக இருக்கிறது. அந்தச் சீட்டு, மரம் திருட்டு மரம் இல்லை என்று சொல்லும். அவ்வளவுதான். வெட்டிய இடத்தில் மறுபடி நட்டார்களா என்று அது சொல்லாது. மீன் பிடிக்கக் கண்மாயைக் குத்தகைக்கு எடுத்தவர் கொசுவலை போட்டாலும் குத்தகைச் சீட்டு செல்லும், இல்லையா?

இருந்தாலும் சீட்டு இல்லாத மரத்தைவிடச் சீட்டு உள்ள மரம் எவ்வளவோ மேல். அது முதல் படி.

நாட்டுக்கோழி முட்டையும் சான்றிதழும்

சந்தையில் நாட்டுக்கோழி முட்டை வாங்கியிருப்பீர்கள். கோழி வளர்த்த ஆத்தாவிடமே வாங்கினால் சந்தேகம் இல்லை. நாலு கை மாறி வந்த கூடையில் எது நாட்டு முட்டை, எது தேயிலைத் தண்ணீரில் சாயம் ஏற்றிய பண்ணை முட்டை என்று யார் கண்டது? கூண்டில் தப்பு நடப்பதில்லை. கூண்டுக்கும் கடைக்கும் நடுவில்தான் நடக்கிறது.

மரச் சான்றிதழ் இந்த இரண்டு இடத்தையும் தனித்தனியாகப் பார்க்கிறது. ஒன்று, காடோ தோட்டமோ ஒழுங்காக நடத்தப்படுகிறதா என்று வெளியாள் ஒருவர் நேரில் வந்து சோதிப்பது. இன்னொன்று, அங்கே வெட்டிய மரம் அறுவை மில், மொத்த வியாபாரி, சில்லறைக் கடை என்று ஒவ்வொரு கையாக மாறும்போது வேறு மரத்தோடு கலக்காமல் வருகிறதா என்று சோதிப்பது. இந்த இரண்டாவதைக் கைமாற்றுச் சங்கிலி என்று சொல்லலாம். நடுவில் ஒரு கண்ணி சான்று இல்லாதவராக இருந்தால் அங்கேயே சங்கிலி அறுந்துவிடும். மரம் அதே மரம்தான், ஆனால் அதற்குப் பிறகு அது சான்று பெற்ற மரம் என்று சொல்லி விற்க முடியாது.

உலகில் அதிகம் தெரிந்த சான்று எஃப்.எஸ்.சி. (ஃபாரஸ்ட் ஸ்டூவர்ட்ஷிப் கவுன்சில்). 1993இல் தொடங்கியது, தலைமை அலுவலகம் ஜெர்மனியின் பான் நகரில். இலை மரமும் சரிக்குறியும் சேர்ந்த சின்னம், பிளைவுட் ஓரத்தில் பார்த்திருக்கலாம். அதில் மூன்று வகை உண்டு. நூறு சதவீதம் என்றால் முழுக்கச் சான்று பெற்ற காட்டிலிருந்தோ தோட்டத்திலிருந்தோ வந்த மரம். மிக்ஸ் என்றால் சான்று பெற்றதும், மறுசுழற்சியும், குறைந்தபட்சச் சோதனை மட்டும் முடிந்த மரமும் கலந்திருக்கலாம். ரீசைக்கிள்ட் என்றால் பழையதைப் பயன்படுத்திச் செய்தது. பி.இ.எஃப்.சி. இன்னொரு சான்று. இந்திய அரசும் 2023 டிசம்பரில் சொந்தமாக ஒரு சான்றுத் திட்டத்தை அறிவித்தது.

அடிக்கடி நடக்கிற குழப்பம் ஒன்று. கடைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் சான்றிதழ், அந்தக் கடைக்குச் சான்று பெற்ற மரத்தை விற்கத் தகுதி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். நீங்கள் கையில் எடுத்த மரச்சட்டம் அப்படிப்பட்டது என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது பில். சான்று எண்ணும், அந்தக் குறிப்பிட்ட சரக்குக்கு எந்த வகை என்பதும் பில்லில் இருந்தால்தான் கணக்கு. அந்த எண்ணைச் சான்று தரும் அமைப்பின் இணையதளத்தில் போட்டால், சான்று உயிரோடு இருக்கிறதா, என்ன என்ன பொருளுக்குச் செல்லும் என்று வந்துவிடும். கைபேசியில் ஒரு நிமிஷ வேலை.

சான்று வாங்கக் காசு செலவாகும். வரப்பில் இருபது தேக்கு வைத்திருக்கும் விவசாயி அதை வாங்க மாட்டார். அதனால் அவர் மரம் மட்டமானது என்று ஆகிவிடாது. ஆத்தாவின் முட்டைக்கு முத்திரை எதற்கு? தூரத்திலிருந்து வரும் மரத்துக்குச் சான்று கேளுங்கள். பக்கத்து ஊர் மரத்துக்கு அந்த ஊரையே கேளுங்கள்.

ஒரு நிலைக்கு ஒரு தடி

இதெல்லாம் பெரிய பேச்சாக இருக்கிறது, என் ஒரு வீட்டுக்கு எவ்வளவு மரம் போய்விடப் போகிறது என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

தலைவாசல் நிலை: ஏழு அடி உயரம், மூன்றரை அடி அகலம், சட்டம் ஐந்துக்கு மூன்று அங்குலம். இரண்டு கால், ஒரு மேல்படி, ஒரு கீழ்ப்படி, மொத்தம் 21 அடி நீளம். கன அளவு ஏறக்குறைய 2.2 கன அடி.

இதற்குத் தோட்டத்துத் தேக்குத் தடி ஒன்றை எடுப்போம். சுற்றளவு 36 அங்குலம், நீளம் பத்தரை அடி. மரவாடிக் கணக்கில் சுற்றளவை நாலால் வகுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்க வேண்டும். 9 அங்குலம், அதாவது முக்கால் அடி. முக்காலை முக்காலால் பெருக்கி, பத்தரையால் பெருக்கினால் 5.9 கன அடி. (உண்மையில் தடிக்குள் இருப்பது இதைவிட அதிகம். உருண்டையை அறுக்கும்போது போகும் கழிவுக்காக இந்த முறையே ஐந்தில் ஒரு பங்கைத் தள்ளிவிடுகிறது. அந்தக் காலத்து வியாபாரிகள் லேசுப்பட்டவர்கள் இல்லை.)

தடியின் குறுக்களவு சுமார் பதினொன்றரை அங்குலம். மரத்தின் நடுவில் உறுதியாக, நிறம் ஏறிய பகுதிதான் வைரம். அதைச் சுற்றியுள்ள வெளிறிய பகுதி வெள்ளை, கரையானுக்கும் வண்டுக்கும் பிடித்த பகுதி. இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் வெள்ளையைக் கழித்தால் எட்டரை அங்குல வைரம் மிஞ்சும். அந்த வட்டத்துக்குள் ஐந்துக்கு மூன்று சட்டம் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரியாக இரண்டு அடங்கும். ஒவ்வொன்றும் பத்தரை அடி: ஒரு கால் ஏழு, ஒரு படி மூன்றரை. ஆக, ஒரு தடி முழுசாகப் போய் ஒரு நிலை வருகிறது, நீளத்தில் சொட்டு மிச்சமில்லை.

தோட்டத்தில் இந்தச் சுற்றளவு வர இருபது வருஷம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், உங்கள் தலைவாசல் என்பது இருபது வருஷ வெயிலும் மழையும். எட்டு அறைக்கும் தேக்கு நிலைதான் வேண்டும் என்றால் எட்டு மரம், கதவு தனி. "கழிவுக்கட்டை இல்லாம முழு வைரத்துல போடுங்க" என்று நாம் கேட்கும்போது, அந்தப் பக்கம் இன்னும் பருத்த, இன்னும் வயதான மரத்தை ஒருவர் தேடிப் போகிறார். காட்டின் மேல் சுமை ஏறுவது இப்படித்தான்.

ஆசாரி கையில் இருக்கும் பாதி

மரம் வளர்ந்த காலத்துக்குக் குறையாமல் வீட்டில் நின்றால்தான் கணக்கு நேராகும். இருபது வருஷத்து மரத்தில் செய்த நிலை பத்து வருஷத்தில் உளுத்துப்போனால், எவ்வளவு நல்ல தோட்டத்திலிருந்து வந்திருந்தாலும் நஷ்டம்தான். இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பச்சை மரத்தில் நிலை செய்தால் சுவருக்குள்ளேயே முறுக்கும், மூட்டு விடும். நிலைக்கும் கதவுக்கும் மரத்தின் ஈரம் 12 சதவீத அளவுக்கு இறங்கியிருப்பது நல்லது. அறுத்த பலகைகளுக்கு நடுவே ரீப்பர் வைத்து அடுக்கி, நிழலில் மாதக்கணக்கில் காற்றாட விட வேண்டும், அல்லது சூளையில் உலர்த்தியதாக வாங்க வேண்டும். நல்ல ஆசாரி ஒருவர் பலகையைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தே "இன்னும் பச்சை வாடை அடிக்குது" என்று சொல்லிவிடுவார். அவர் இல்லாவிட்டால் ஈரம் பார்க்கும் மீட்டர் இருக்கிறது. சுவரோடு ஒட்டும் பக்கத்துக்கும் தரையைத் தொடும் முனைக்கும் கரையான் மருந்து கட்டாயம். மழை அடிக்கிற வாசலுக்கு மேலே ஒன்றரை அடி சன்ஷேடு போட்டால், அது எந்த வார்னிஷையும்விட நிலையைக் காப்பாற்றும்.

எதை எங்கே போடலாம்

எல்லா வாசலும் மழையில் நனைவதில்லை. தலைவாசலுக்குத் தேக்கு அல்லது வேங்கை வேண்டுமென்றால் சரி. உள் அறை நிலைகளுக்கு வேம்பு நம் ஊரில் காலங்காலமாகப் போட்டு வந்த மரம். பலாவும் பூவரசும் அப்படித்தான். வீட்டுக் கொல்லையிலும் தோப்பிலும் வளர்ந்தவை. இவற்றை யாரும் கேட்பதில்லை என்பதால் பல ஊர்களில் விறகு விலைக்குப் போகின்றன.

அலமாரி, மேசைக்கு ரப்பர் மரம். கன்னியாகுமரி மாவட்டத்திலும் கேரளத்திலும் இருபத்தைந்து முப்பது வருஷம் பால் வடித்த பிறகு எப்படியும் வெட்டி மறுநடவு செய்கிற மரம் அது. அதன் கட்டையில் மாவுச்சத்து அதிகம் என்பதால் வண்டு விழும். போரான் மருந்து ஏற்றியதாக வாங்க வேண்டும். வெளியே, மழையில் போடக் கூடாது.

சாரத்துக்குக் கட்டும் சவுக்கைப் பற்றிக் கவலையே வேண்டாம். நாலைந்து வருஷத்தில் வெட்டி மறுபடி நடுகிற பயிர் அது, நெல் மாதிரிதான்.

யூபிவிசி, இரும்பு போட்டால் காடு பிழைக்கும் என்கிறார்களே? உலர்ந்த மரத்தின் எடையில் ஏறக்குறையப் பாதி, மரம் காற்றிலிருந்து இழுத்த கார்பன். அது நிலையாக நிற்கும் வரை அங்கேயே கிடக்கும். தாதுவிலிருந்து ஒரு டன் இரும்பு உருக்கினால் சுமார் இரண்டு டன் கரியமில வாயு வெளியே போகிறது. கெட்ட காட்டு மரத்தைவிட இரும்பு மேல் என்று வாதாடலாம். வரப்பு வேம்பைவிட மேல் என்று வாதாட முடியாது. அதுவும் விவசாயிக்கு மரம் விற்றால்தான் அடுத்த மரம் நட மனசு வரும்.

இவை எல்லாவற்றையும்விட மேலானது ஏற்கெனவே வெட்டிய மரம். பழைய வீடு இடிக்கும் இடங்களில் உத்திரமும், நிலையும், பனங்கையும் கிடைக்கும். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய பர்மா தேக்கு நிலைகளும் தூண்களும் வரிசையாகச் சாய்ந்து கிடக்கின்றன. நூறு வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. ஆணி மட்டும் கவனம். ஒரு பழைய ஆணி வாளின் பல்லை உடைத்தால் அறுவை மில்காரர் அடுத்த முறை உங்கள் மரத்தை உள்ளே விட மாட்டார். பழைய சாமான் கடையில் புது மரத்துக்கு அழுக்குப் பூசி விற்பதும் உண்டு. ஓர் ஓரத்தில் இழைப்புளி ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள், பழைய ஆணித் துளையும் துளை மூட்டின் தடமும் தேடுங்கள்.

கடைசியில் நான் வாங்கியது

தூத்துக்குடி அண்ணனிடம் நான் மரம் வாங்கவில்லை. ஆசாரி சொல்லி, தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு மரவாடிக்குப் போனேன். "எந்த ஊர் மரம், பட்டா நிலமா, வெட்டினது எப்போ, சீட்டு இருக்கா?" என்று வரிசையாகக் கேட்டேன். மூன்று கேள்விக்குப் பதில் இருந்தது. ஒன்றுக்குப் பேரேட்டைப் புரட்டினார். மறுபடி நட்டார்களா என்ற கேள்விக்கு, "அதை மரத்தை வித்த மாமாகிட்டயே கேட்டுக்குங்க" என்று ஒரு போன் நம்பரைக் கொடுத்தார். கேட்டேன். தேக்கு வெட்டினால் அடிக்கட்டையிலேயே துளிர்க்கும், ஒரு துளிரை விட்டுவிட்டு மற்றதை ஒடித்திருக்கிறேன் என்றார் அவர். நடவே வேண்டியதில்லையாம்.

பில்லில் இனம், அளவு, மரம் வந்த ஊர், நடைச்சீட்டு எண் நான்கையும் எழுதச் சொன்னேன். ஊர்ப் பெயரை எழுதும்போது மட்டும் சிரித்தார். ஆசாரி தடியைப் பார்த்துவிட்டு, தலைவாசலுக்கு மட்டும் இதை வைத்துக்கொள்வோம், மற்ற ஆறு நிலைக்கும் வேம்பு போதும் என்று சுண்ணாம்புக் கட்டியால் தடியின் முகத்தில் இரண்டு பெட்டி வரைந்தார், ஐந்துக்கு மூன்று.